பிள்ளைக்கு வேண்டியது உத்தரவு அல்ல, பேச்சு!

"பையனுக்கு மூன்று வயது முடியப் போகிறது. இன்னும் கோவையாக நாலு வார்த்தை பேச வரவில்லை."

மைசூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் குறை இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அசோகபுரம் ரயில்வே பணிமனை ஊழியர் குடும்பமாக இருந்தாலும் சரி, மேட்டகள்ளி, ஹெப்பாள் தொழிற்பேட்டைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர் குடும்பமாக இருந்தாலும் சரி, இதே பேச்சுதான். எல்.கே.ஜி.யில் சேர்க்கும் நேரம் வந்ததும் பெற்றோருக்குக் கவலை பிடித்துக் கொள்கிறது.

காரணம் சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. "வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். பிஞ்சு மூளை குழம்பி விட்டது" என்கிறார் ஒருவர். "முதலில் தமிழை நிறுத்துங்கள். ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று யோசனை கூறுகிறார் இன்னொருவர். "அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார். தானாக வந்து விடும்" என்று சமாதானம் சொல்கிறார் பாட்டி.

எந்த மொழி என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளையிடம் பெற்றோர் எப்படிப் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், அது வாய் திறந்தால் பதில் சொல்கிறார்களா என்பதை யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கையில் வெண்ணெய்

இந்தக் கேள்விக்கு விடை தேட மைசூருத் தமிழர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. இந்தியாவிலேயே பெயர் பெற்ற இரண்டு நிறுவனங்கள் இந்த ஊரில், மானச கங்கோத்ரியில் இருக்கின்றன. ஒன்று, 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம். மற்றொன்று, 1969 ஜூலை 17ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். முன்னது பேச்சுக் குறையையும் காது கேளாமையையும் ஆராய்ந்து சிகிச்சை தருவது. பின்னது மொழிகளை ஆராய்வது. தமிழறிஞர் இ.அண்ணாமலை இதன் இயக்குநராக இருந்தவர். செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2008இல் சென்னைக்குப் போகும் வரை இந்த நிறுவனத்தில்தான் இயங்கி வந்தது.

நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு பெற்றோர்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள். உள்ளூர்த் தமிழரோ பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையோடு நின்று விடுகிறார். கையில் வெண்ணெயை வைத்துக் கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் இது.

பேச்சு எங்கே தொடங்குகிறது?

குழந்தை பேசத் தொடங்குவது முதல் சொல்லைச் சொல்லும் நாளில் அல்ல. தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களிலேயே அதற்குக் காது கேட்கத் தொடங்கி விடுகிறது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்கின்றன என்பதை 1980இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. ஆகவே தாய்மொழி என்று பெரியவர்கள் வைத்த பெயர் வெறும் அலங்காரப் பெயர் அல்ல.

இரண்டு மூன்று மாதத்தில் குழந்தை "ஊ, ஆ" என்று குரல் கொடுக்கிறது. ஆறேழு மாதத்தில் "பபப, மமம" என்று அடுக்குகிறது. ஒரு வயதையொட்டி அம்மா, அப்பா, தாத்தா என்று பொருளோடு சொல்கிறது. இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா போச்சு" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கிறது. சில குழந்தைகள் சற்று முந்தும், சில சற்றுப் பிந்தும். ஆனால் வரிசை ஏறக்குறைய இதுதான்.

குழந்தை "ங்கா" என்றால் தாய் "என்னடா ராசா, பசிக்குதா?" என்கிறாள். அது மீண்டும் "ங்கா" என்கிறது. "இதோ வந்துட்டேன்" என்கிறாள் இவள். குழந்தைக்குப் பொருள் ஒன்றும் விளங்காது. ஆனால் "நான் குரல் கொடுத்தால் பதில் வருகிறது" என்பது மட்டும் விளங்கி விடும். பேச்சுக்கு அதுதான் அஸ்திவாரம்.

இதைப் பழந்தமிழர் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் நூல்களே சாட்சி. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று குழந்தையின் பருவங்களை வரிசைப்படுத்திப் பாடியிருக்கிறார்கள். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் வந்தது தாலாட்டு. கை கொட்டு என்று கேட்பது, முத்தம் கொடு என்று கெஞ்சுவது, நடந்து வா என்று அழைப்பது, பிள்ளையோடு விளையாட நிலாவைக் கூப்பிடுவது என்று எல்லாம் பேச்சுதான். பேசத் தெரியாத பிள்ளையிடம் இத்தனை பேச்சு! அதை வீண் என்று அவர்கள் நினைக்கவில்லை.

நான்கு வகைப் பெற்றோர்

பிள்ளை வளர்ப்பு முறைகளை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டயானா பாம்ரிண்ட் அம்மையார். 1960களில் அவர் பெற்றோர்களை மூன்று வகையாகப் பிரித்தார். 1983இல் வேறு இரு அறிஞர்கள் அதை விரித்து நான்காக்கினார்கள். அதட்டி அடக்கி வளர்ப்பவர்கள் ஒரு வகை. கேட்டதெல்லாம் கொடுத்துச் செல்லமாக வளர்ப்பவர்கள் இரண்டாம் வகை. கவனிக்காமலே விட்டு விடுபவர்கள் மூன்றாம் வகை. கண்டிப்பும் கனிவும் சேர்த்து, காரணம் சொல்லி வளர்ப்பவர்கள் நான்காம் வகை.

அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துச் செய்த பாகுபாடு இது. அப்படியே இங்கே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. தமிழ் வீட்டில் அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இருந்தாலும் இந்த நான்கு வகையையும் மைசூருவின் எந்தத் தமிழ் வட்டாரத்திலும் காணலாம். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

ரயில் பாதை ஓரம். இரண்டரை வயதுப் பிள்ளை தகப்பன் தோளில் இருக்கிறது. "அப்பா, ரயிலு!" என்று கை நீட்டுகிறது. "சும்மா வாடா, தொணதொணன்னு" என்கிறார் முதலாமவர். இரண்டாமவர், பிள்ளை கேட்காமலே செல்போனை அதன் கையில் கொடுத்து விடுகிறார். மூன்றாமவர் காதில் அது விழவே இல்லை. நான்காமவர், "ஆமாண்டா, ரயிலுதான். எங்கே போகுது?" என்கிறார். "ஊருக்கு." "எந்த ஊருக்கு? அங்கே யாரு இருக்கா?" "பாட்டி." "பாட்டி என்ன தருவாங்க?" "முறுக்கு!" பேச்சு வளர்கிறது. பிள்ளை இறங்கி ஓடப் பார்க்கிறது. "தண்டவாளத்துக்குப் போகக் கூடாது. போனால் ரயில் இடிச்சிடும். அது போன பிறகு நாம தாண்டலாம்" என்று கையைப் பிடித்துக் கொள்கிறார்.

நான்காமவர் கண்டிப்பில் குறைந்தவர் அல்ல. பிள்ளையை அவர் தண்டவாளத்துக்கு விடவில்லை. ஆனால் காரணம் சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்த தமிழைக் கணக்கெடுத்தால் தெரியும்: போகுது, தருவாங்க, போகக் கூடாது, போனால், போன பிறகு.

ஏவல் மட்டுமே தமிழா?

தமிழில் உத்தரவு போட வினையின் வேர்ச் சொல்லே போதும். வா, போ, நில், உட்கார், சாப்பிடு, தூங்கு. இலக்கணம் இதை ஏவல் வினை என்கிறது. மொழியிலேயே மிகச் சிறிய, மிக வறண்ட பகுதி இது. வந்தேன், வருவாள், வந்தால், வராவிட்டால், வந்திருக்கலாம், வரச் சொன்னார் என்று கிளை கிளையாக விரிவதுதான் தமிழ் வினை. சரியான பேச்சைக் கேட்டு வளரும் தமிழ்க் குழந்தை இரண்டு, இரண்டரை வயதிலேயே இவற்றில் பலவற்றைத் தானாகப் பிடித்துக் கொள்கிறது. யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுப்பதில்லை.

நாள் முழுவதும் உத்தரவை மட்டுமே கேட்டு வளரும் குழந்தைக்கு வேர் மட்டும் கிடைக்கிறது. கிளையும் இல்லை, இலையும் இல்லை. உத்தரவுக்குப் பதில் பேச்சும் தேவையில்லை. செய்தால் போதும், இல்லாவிட்டால் அழுதால் போதும். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை மாட்டோடு நிறுத்திக் கொள்வது நல்லது. அதட்டி வளர்த்த பிள்ளை படியலாம். பேசுமா என்பதுதான் கேள்வி.

செல்லம் கொடுப்பவர்களும் இதில் தப்ப முடியாது. பிள்ளை வாய் திறப்பதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்து விட்டால், அது ஏன் பேச வேண்டும்? விரலை நீட்டினால் பிஸ்கட் வருகிறது. "எது வேணும்? பெரிசா, சின்னதா?" என்று கேட்டு, அரை நிமிடம் பொறுத்திருந்து, பிறகு கொடுத்தால் அதுவே ஒரு பாடம்.

"எங்களுக்கு ஏது நேரம்?"

இங்கே உழைக்கும் மக்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். "காலை ஷிப்டுக்குப் போய் வருவதற்குள் உடம்பு ஒடிந்து விடுகிறது. அவளும் வேலைக்குப் போகிறாள். பிள்ளையோடு உட்கார்ந்து பேச நாங்கள் என்ன பெரிய வீட்டுக்காரர்களா?"

இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளுவது நியாயமல்ல. அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களை இரண்டரை ஆண்டுக் காலம் மாதந்தோறும் கவனித்து, 1995இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வசதியான வீட்டுக் குழந்தைகளின் காதில் விழும் சொற்கள் ஏழை வீடுகளைவிடப் பல மடங்கு என்றார்கள். ஏழை வீடுகளில் "செய்யாதே, தொடாதே" என்ற தடைச் சொற்கள் அதிகம் என்றும் எழுதினார்கள். உலகமெங்கும் அது பேசப்பட்டது. பிறகு மறுப்பும் வந்தது. அவர்கள் பார்த்த மிக ஏழைக் குடும்பங்கள் ஆறுதான். பெற்றோர் பேச்சை எண்ணினார்களே தவிர, வீட்டில் பாட்டியும் அண்ணனும் அக்காளும் பேசியதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று மற்ற ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக் காட்டினார்கள்.

பப்புவா நியூகினியில் கலூலி என்ற மக்கள் இருக்கிறார்கள். பேசத் தெரியாத சிசுவோடு அவர்கள் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. ஆனாலும் அவர்கள் பிள்ளைகள் நன்றாகவே பேசுகின்றன. காரணம், அந்தக் குழந்தை எப்போதும் ஆட்கள் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் பேச்சு நடந்து கொண்டே இருக்கிறது.

தர்மபுரியிலும் சேலத்திலும் திருவண்ணாமலையிலும் கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில் தமிழ்ப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. தகப்பன் பேசாவிட்டால் தாத்தா பேசினார். தாய்க்கு வேலை என்றால் அத்தை கதை சொன்னாள். திண்ணையில் பேச்சு, கிணற்றடியில் பேச்சு. பிழைப்புக்காக மைசூரு வந்து ஒரே அறையில் கணவன், மனைவி, குழந்தை என்று கதவைச் சாத்திக் கொண்ட பிறகு அந்தப் பேச்சுக் கடல் வற்றி விட்டது. ஊரில் பத்துப் பேர் செய்த வேலையை இங்கே இரண்டு பேர் செய்தாக வேண்டியிருக்கிறது. வெளி மாநிலத் தமிழரின் தனிப்பட்ட பிரச்சினை இதுதான்.

இதற்கு மணிக்கணக்கு வேண்டாம். எத்தனை சொல் கொட்டினோம் என்பதைவிட, பிள்ளையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதே முக்கியம் என்று 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தினர் பங்கு கொண்ட ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது. செய்கிற வேலையோடு பேச்சையும் சேர்த்தால் போதும். குளிப்பாட்டும் போது "தண்ணி சுடுதா?" என்று கேட்கலாம். அரிசி களையும் போது கல்லைப் பொறுக்கிக் காட்டலாம். தேவராஜா மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனால், ஒவ்வொரு காய்க்கும் பெயர் சொல்லலாம். ஷிப்டு முடிந்து வந்த தகப்பன் சோறு சாப்பிடும் பதினைந்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னிக்கு என்ன செஞ்சே?" என்று கேட்டு, அது சொல்வதை முழுவதும் கேட்டாலே பெரிய காரியம். இதற்குப் படிப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

பேசும் பெட்டி பேச்சு சொல்லித் தருமா?

"செல்போனில் நிறையப் பேச்சு கேட்கிறதே, அது போதாதா?" என்று சிலர் நினைக்கிறார்கள். சோறு ஊட்டும் போது முன்பு நிலாவைக் காட்டினார்கள். இப்போது செல்போனைக் காட்டுகிறார்கள்.

2003இல் வெளியான ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. பாட்ரிசியா கூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளைச் சீன மொழி கேட்க வைத்தார். சில குழந்தைகளின் எதிரில் சீனர் ஒருவர் உட்கார்ந்து விளையாடிப் பேசினார். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு டெலிவிஷனில் காட்டப்பட்டது. பன்னிரண்டு தடவை இப்படி நடந்தது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக் கொண்டன. டெலிவிஷனில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை.

பெட்டி பேசும், பதில் கேட்காது. குழந்தை சிரித்தாலும் அழுதாலும் அது பாட்டுக்கு ஓடும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டு முறைகளில், ஒரு வயதுக் குழந்தைகளுக்கும் அதற்குக் கீழானவர்களுக்கும் இத்தகைய திரைகளே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் கூறியிருக்கிறது. நிலா ஒன்றும் மோசமில்லை.

மாடியும் அடுக்களையும் தெருவும்

அடுத்தது ஆங்கில மோகம். "கம் ஹியர், சிட் டவுன், டோன்ட் டச், ஈட் ஃபாஸ்ட்." ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் வீட்டில் ஆங்கிலம் பேச நினைத்தால் அது இப்படி ஏவலாகத்தான் வரும். அவர்களுக்கு நெஞ்சில் இருப்பதைச் சொல்லத் தெரிந்த மொழி தமிழ். கோபம், கேலி, கதை, கொஞ்சல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதைப் பூட்டி வைத்து விட்டு நாற்பது ஆங்கிலச் சொல்லில் பிள்ளை வளர்ப்பது, நெல் மூட்டையைப் பரணில் போட்டு விட்டுப் பொரிக்கடலையில் பசியாறுவது போன்றது. பிள்ளைக்கு ஆங்கிலமும் வராது, தமிழும் தங்காது.

இரண்டு மூன்று மொழியால் மூளை குழம்பும் என்பவர்களுக்கு மைசூருவே பதில் சொல்கிறது. 1929இல் இந்த ஊரில் பிறந்த ஏ.கே.ராமானுஜன் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. தந்தை கணிதப் பேராசிரியர். அவருடைய அறை மாடியில். அங்கே ஆங்கிலம். கீழே தாயோடும் வீட்டுப் பெண்களோடும் தமிழ். தெருவில் இறங்கினால் கன்னடம். ஒரே நாளில் மூன்று மொழிகளுக்கும் ஏறி இறங்கி வளர்ந்தது அந்தப் பிள்ளை. அடுக்களையில் சோறு ஊட்டும் போது பெண்கள் சொன்ன கதைகளைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார்.

விளைந்தது என்ன? அவர் ஆங்கிலத்தில் கவிஞர். 1969இல் 'ஹொக்குளல்லி ஹூவில்ல' என்ற தொகுதியை வெளியிட்ட கன்னடக் கவிஞர். பழந்தமிழை அவர் பள்ளியில் முறையாகப் படித்ததில்லை. 1962இல் சிகாகோ பல்கலைக் கழக நூலகத்தில் ஓர் இலக்கண நூலைத் தேடிப் போன இடத்தில் குறுந்தொகை கையில் அகப்பட்டது. 1967இல் அந்தப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து உலகத்தார் சங்கத் தமிழைத் திரும்பிப் பார்க்கச் செய்தார். கன்னட வசனங்களையும் நம்மாழ்வாரையும் அவ்வாறே தந்தார். அடுக்களைத் தமிழ் அஸ்திவாரமாக இல்லாவிட்டால், பழந்தமிழ் அவருக்கு வசப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. கன்னட நாடகத்தைப் புதுப்பித்த டி.பி.கைலாசம் வீட்டில் தமிழ் பேசியவர். 1983ஆம் ஆண்டு ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் அப்படியே. வீட்டுத் தமிழ் அவர்கள் கன்னடத்தைக் கெடுக்கவில்லை.

"அவர்கள் படித்த, வசதியான குடும்பத்தார், எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன?" என்று கேட்கலாம். உண்மைதான், மாடியறைப் பேராசிரியர் எல்லா வீட்டிலும் இல்லை. ஆனால் ராமானுஜனுக்குத் தமிழ் தந்தது மாடி அல்ல, அடுக்களை. அங்கே இருந்தது பட்டமல்ல, கதை. அது எந்தத் தொழிலாளி வீட்டிலும் உண்டு.

கன்னடம் பகையல்ல

2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம் பேர். இவர்களில் சிலர் தெருவில் பிள்ளையோடு தமிழ் பேசவே தயங்குகிறார்கள். இதைக் கேலி செய்வதற்கில்லை. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி நடந்த கலவரத்தைப் பெரியவர்கள் மறந்து விடவில்லை. பயந்தவர் குரலைத் தாழ்த்திக் கொள்வது இயற்கை. ஆனால் அந்தப் பயம் வீட்டுக்குள்ளும் புகுந்து பிள்ளையின் நாக்கைக் கட்டுவதை அனுமதிக்கலாமா?

பயத்துக்கு மருந்து, பிள்ளைக்குத் தமிழை மறைப்பதல்ல; கன்னடத்தை நன்றாகக் கற்றுக் கொடுப்பது. இந்த மண்ணின் மொழி அது. அதில் பிள்ளை தேர்ந்தால் நண்பர்களும் கிடைப்பார்கள், மரியாதையும் கிடைக்கும். அது கஷ்டமும் அல்ல. பால் ஹாலு ஆகிறது, பல் ஹல்லு ஆகிறது, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. தமிழின் 'வா' அங்கே 'பா', வாய் 'பாயி'. சில சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஐந்து வயதுப் பிள்ளை மீதியைத் தானே கண்டுபிடித்துக் கைகொட்டும். இரண்டு மொழி வளரும் வீட்டில் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் தொடக்கத்தில் சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் குறை இருக்காது. ஒரே வாக்கியத்தில் தமிழையும் கன்னடத்தையும் கலந்து பேசுவதும் குழப்பமல்ல. கையில் இருக்கும் சில்லறையை எல்லாம் சேர்த்துக் கணக்குத் தீர்ப்பது போன்றதுதான் அது.

பள்ளியில் எந்த மொழி என்பது சர்க்காரும் கோர்ட்டும் பேசி வரும் விஷயம். தாய்மொழிதான் பாட மொழியாக இருக்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்த முடியாது என 2014 மே 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தமிழ் வழிப் பள்ளி எல்லாத் தெருவிலும் கிடையாது. எனவே தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் கிடைக்கும் பள்ளி பெரும்பாலும் அதன் வீடு ஒன்றுதான். அதை மூட எந்த உத்தரவும் வரவில்லை. மூடினால் பெற்றோரே மூடியதாகும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

எல்லாப் பேச்சுத் தாமதத்துக்கும் வளர்ப்பு முறையே காரணம் என்று பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் பெரிய அநியாயம். சில குழந்தைகளுக்குக் காது மந்தமாக இருக்கலாம். அடிக்கடி காதில் சீழ் வருவதும் கேட்கும் திறனைக் குறைக்கும். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடும் இருக்கலாம். தாய் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் இவை தாமாகத் தீர்வதில்லை.

கதவு படாரென்று சாத்தினாலும் சிசு திடுக்கிடவில்லை, ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்க்கவில்லை, பேசிக் கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தி விட்டது - இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தகப்பன் நாலு வயதில் பேசியது பிள்ளைக்கு மருந்தாகாது. மானச கங்கோத்ரிக்கு ஒரு பஸ் டிக்கெட்டு, அவ்வளவுதான் தூரம். காது கேளாமையை முதல் ஆண்டிலேயே கண்டுபிடித்தால், கருவியும் பயிற்சியும் கொடுத்துப் பேச்சைப் பெருமளவு மீட்க முடியும். நாலு வயதில் போனால் இழந்த காலம் திரும்பாது.

அங்கே போகிறவர்கள் "வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். குழந்தையைச் சரியாகச் சோதிக்க அந்த விவரம் தேவை.

சங்கங்களுக்கு ஒரு வேலை

தமிழ் அமைப்புகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நல்லவைதான். ஆனால் அவற்றைக் கேட்டுப் புரிந்து கொள்ள அடுத்த தலைமுறை வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒரு கூடத்தில் பாய் விரித்து, ஓய்வு பெற்ற பெரியவர் இருவரை அழைத்து, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் செய்யலாம். ஊரிலிருந்து வந்து வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கும் அது பேருதவி. பேச ஆள் இல்லாத பெரியவரையும், பேச்சு கேட்காத பிள்ளையையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் இரண்டு குறையும் தீரும். செலவு டீக்கும் பொரிக்கும்தான்.

பிழைப்புக்காக மண்ணை விட்டு வந்தவர்கள் பிள்ளைக்கு நிலமோ வீடோ எழுதி வைக்க முடியாமல் போகலாம். சம்பளக்காரனுக்கு அது எட்டாத கனி. ஆனால் ஊருக்குப் போனால் தாத்தாவிடம் பேசவும், தெருவில் கன்னடத்தில் விளையாடவும், பள்ளியில் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் கூடிய ஒரு நாவை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். அது முதல் மூன்று நான்கு ஆண்டுகளில், வீட்டில், பெற்றோர் வாயிலிருந்து கிடைப்பது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பேச்சுக்கும் பொருந்தும். "வாயை மூடு" என்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நாளைக்கு ஆபீசிலும் பட்டறையிலும் தன் நியாயத்தைச் சொல்ல வேண்டிய இடத்திலும் வாயை மூடிக் கொண்டுதான் நிற்கும்.